உன் வீட்டுக்கு வழி சொல்

பேருந்து நிறுத்தத்திலிருந்து உன் வீட்டுக்கு வழி சொல். எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினாலும் இந்தப் பயிற்சி இருக்கும். 'கோ ஸ்ட்ரெயிட்', 'டர்ன் லெஃப்ட்', 'ஆப்போசிட் டு தி டெம்பிள்'. ஒருவர் வழி சொல்வார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வரைபடம் போடுவார்கள். இலக்கணமும் வரும், பேச்சும் வரும், சிரிப்பும் வரும் என்று பயிற்சி வகுப்புகளில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆங்கில மொழி கற்பித்தலில்தான் எனது முனைவர் பட்ட ஆய்வு. எனக்கும் பிடித்த பயிற்சிதான் இது. 2021இல் ஒரு கலைக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களுக்கு இணையவழியில் ஆங்கில வகுப்பு எடுத்தபோது மூன்றாவது வாரமே இதைக் கொடுத்தேன். 48 பேர். ஆறு ஆறு பேராக எட்டு அறைகள். ஜூமில் ஒரு பொத்தானை அழுத்தினேன், பிள்ளைகள் பிரிந்து போனார்கள்.

ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தேன். ஐந்தாவது அறைக்குள் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றது. பிறகு ஒரு மாணவி அவசரமாக ஆங்கிலத்தில் வழி சொல்லத் தொடங்கினாள். நல்லபடியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். மறுநாள் அந்தக் குழுவில் ஒரு மாணவன் வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் வரவில்லை. கேட்டதற்கு 'நெட் ப்ராப்ளம் சார்' என்று செய்தி அனுப்பினான். இணைய வகுப்புக் காலத்தில் எல்லாத் துயரத்துக்கும் இந்த இரண்டு சொற்கள்தான் பொதுப் பெயர்.

மூன்று வாரம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. "சார், வீட்டுக்கு வழி சொல்லச் சொன்னீங்க. நான் பஸ் ஸ்டாப்புல ஆரம்பிச்சேன். கோயிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு ஒருத்தன் கேட்டான். சொன்னேன். அதுக்கப்புறம் யாரும் என்கிட்ட எதுவும் கேக்கல சார்."

அவன் என்மீது குற்றம் சொல்லவில்லை. வகுப்புக்கு வராததற்கு விளக்கம் கொடுத்தான், அவ்வளவுதான். ஆனால் கேள்வியை வைத்தது நான். பக்கத்து ஊர்க்காரன் ஒருவனைப் பார்த்து, எதிரில் நின்று வாய்விட்டு, 'நீ ஊரா காலனியா' என்று கேட்க ஒருவருக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருந்திருக்கும். அந்தக் கூச்சத்தையும் நீக்கி, அதைப் பாடமாக்கி, ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லி, ஐந்து மதிப்பெண்ணும் வைத்தவன் நான்.

தமிழ்நாட்டுக் கிராமத்தின் வரைபடம் சாதியின் வரைபடம் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிற எவருக்கும் புதிய செய்தி இல்லை. இங்கிலாந்தில் எழுதப்பட்ட பாடப்புத்தகத்தில் வழி கேட்பவர் தபால் நிலையத்துக்குப் போவார், நூலகத்துக்குப் போவார். நாம் அதை 'உள்ளூர்மயமாக்குகிறோம்' என்று சொல்லி 'உன் தெரு', 'உன் வீடு', 'உன் ஊர்த் திருவிழா', 'உன் அப்பாவின் வேலை', 'உன் பாட்டி செய்யும் சமையல்' என்று மாற்றினோம். மாணவரின் சொந்த அனுபவத்திலிருந்து பேச்சைத் தொடங்கு என்பது எங்கள் துறையின் வேதவாக்கு. யாருடைய அனுபவத்தை யார் முன்னால் சொல்ல வைக்கிறோம் என்று வேதத்தில் எழுதவில்லை. திருவிழாவில் தேர் எந்தத் தெரு வரை வரும், அப்பா என்ன வேலை செய்கிறார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன கறி? இந்தக் கேள்விகளைத் தனித்தனியாகப் பாருங்கள், வெறும் மொழிப் பயிற்சி. சேர்த்துப் பாருங்கள், சாதிச் சான்றிதழ் வழங்கும் விசாரணை.

என் வகுப்பில் பார்ப்பன மாணவர் ஒருவர்கூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டவனும் அரசுப் பள்ளியில் படித்தவன்தான், முதல் தலைமுறைப் பட்டதாரிதான். நம் மேடைகளில் இதைச் சொல்லத் தயங்குகிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அக்ரகாரத்திலிருந்து வரவில்லை. உடன் படித்த மாணவர்கள்.

அந்தக் கொடூரத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. இந்த இரண்டாவது பரிந்துரையைப் பலர் சின்ன விஷயம் என்று தாண்டிப் போனார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. யார் யாரோடு உட்கார்வது என்பதைப் பிள்ளைகளின் 'விருப்பத்துக்கு' விட்டால் பெஞ்சு எப்படி நிரம்பும் என்று அந்தக் குழுவுக்குத் தெரிந்திருக்கிறது. இணைய வகுப்பில் பெஞ்சு இல்லை, கயிறு கட்டிய மணிக்கட்டு திரையில் தெரிவதில்லை. ஆனால் அறை பிரிப்பது இருக்கிறது. அந்த வேலையை மென்பொருள் எப்படிச் செய்கிறது என்று எத்தனை ஆசிரியர்கள் யோசித்திருக்கிறோம்?

ஜூம் மூன்று வழி தருகிறது. தானாகப் பிரிப்பது, ஆசிரியர் பிரிப்பது, மாணவர்களே அறையைத் தேர்ந்துகொள்வது. மூன்றாவதை 'மாணவர் சுதந்திரம்' என்று புகழ்கிறார்கள். ஒருமுறை அதை முயன்றேன். ஐந்து நிமிடத்துக்குள் கூட்டாளிகள் கூட்டாளிகளோடு போய்விட்டார்கள். ஆங்கில வழியில் படித்தவர்கள் ஓர் அறை, விடுதி மாணவர்கள் ஓர் அறை, எந்த அறையையும் தேர்ந்தெடுக்காமல் முதன்மை அறையிலேயே நின்றுகொண்டிருந்த நான்கு பேர். அந்த நான்கு பேர் யார் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. முதல் வழி, குலுக்கல். அது நேர்மையானது போலத் தோன்றும். குலுக்கிப் போட்டுவிட்டால் சமத்துவம் வந்துவிட்டது என்று ஆசிரியர் கையைக் கழுவிக்கொள்ளலாம். என் ஐந்தாவது அறையும் குலுக்கலில் உருவானதுதான்.

இந்த அறைகளைப் பற்றி இன்னொன்று. வகுப்பைப் பதிவு செய்து கிளவுடில் சேமித்தாலும் அதில் முதன்மை அறை மட்டும்தான் இருக்கும், பிரிந்த அறைகள் பதிவாகாது. 2021 ஏப்ரலில் காரக்பூர் ஐஐடியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஓராண்டு ஆயத்தப் படிப்பு. இணையவழி ஆங்கில வகுப்பு. பேராசிரியை மாணவர்களைக் கேவலமான வசைச் சொற்களால் திட்டினார், எந்த அமைச்சகத்திடம் வேண்டுமானாலும் புகார் செய்யுங்கள் என்று சவால் விட்டார். காணொளி வெளியே வந்தது, நாடே பார்த்தது, அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அது முதன்மை அறையில், எல்லோர் முன்னிலையிலும் நடந்ததால் சாட்சி இருந்தது. 'கோயிலுக்கு அந்தப் பக்கமா' என்ற கேள்விக்கு எந்தக் காணொளி இருக்கிறது? அதில் வசைச்சொல்கூட இல்லை. விசாரணைக் குழு முன்னால் வைத்தால் 'பாடத்தைத்தானே கேட்டான்' என்பார்கள். சரியாகத்தான் சொல்வார்கள், பாடமே அப்படித்தான்.

சிறுகுழுவில் ஏற்றத்தாழ்வு கூடும் என்பது ஆய்வுலகத்துக்குத் தெரியாத ரகசியம் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய சமூகவியலாளர் எலிசபெத் கோஹன் 1986இல் 'டிசைனிங் குரூப்வொர்க்' என்ற நூலை வெளியிட்டார். சமூகத்தில் யாருக்கு மதிப்போ அவரே குழுவில் அதிகம் பேசுகிறார். அதிகம் பேசுபவரே அதிகம் கற்கிறார். ஆகவே திட்டமில்லாத குழு வேலை இருக்கிற இடைவெளியை அகலப்படுத்துகிறது. இதுதான் அவருடைய வாதம். அவர் பேசியது இனம், வர்க்கம், பாலினம் பற்றி. நம் பல்கலைக்கழகங்களில் அவருடைய பெயர் வருவதே அரிது. வந்தாலும் 'குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள்' என்ற ஒற்றை வரியாக வரும். அந்த வரி ஏன் தேவைப்பட்டது என்ற கதை வராது.

ஜிக்சா என்ற உத்திக்கும் இதே கதிதான். பி.எட். படித்த எல்லோரும் தேர்வில் எழுதியிருப்பார்கள். பாடத்தை நான்கு துண்டாக்கு, ஆளுக்கு ஒரு துண்டு கொடு, சேர்த்தால்தான் முழுப்படம் கிடைக்கும். இது எங்கே பிறந்தது? 1971, டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம். பள்ளிகளில் இனப் பிரிவினை ஒழிக்கப்பட்டு வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் ஒரே வகுப்பறைக்கு வந்த நேரம். ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்ததால் பகை ஒழியவில்லை, அடிதடிதான் மிஞ்சியது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் தன் மாணவர்களோடு சேர்ந்து இந்த முறையை உருவாக்கினார். வெறுக்கிற பிள்ளையிடமிருந்து ஒரு தகவலைக் கேட்டுப் பெறாவிட்டால் தன் வேலையே முடியாது என்ற நிலையை வகுப்புக்குள் கொண்டுவந்தார். இனவெறிக்கு எதிராகச் செய்யப்பட்ட ஆயுதம் அது. இங்கே வரும்போது கூர் மழுங்கி, 'கற்றலை மகிழ்ச்சியாக்கும் உத்தி' என்று வண்ணத்தாள் சுற்றி வந்து சேர்ந்தது. இனத்தை எடுத்துவிட்டார்கள், சாதியை வைக்க மறந்துவிட்டார்கள். மறந்தார்களா என்பதே கேள்விதான்.

'மொழி வகுப்பில் ஏன் சாதியைக் கொண்டுவருகிறாய்' என்று கேட்கும் சக ஆய்வாளர்களுக்கு ஒரு பதில்தான். நான் கொண்டுவரவில்லை, உங்கள் பயிற்சித்தாளிலேயே இருக்கிறது. 'என் வகுப்பில் எனக்கு யார் என்ன சாதி என்றே தெரியாது' என்று பெருமைப்படுகிறவர்கள் அதிகம். உங்களுக்குத் தெரியாது. அந்த அறையில் இருக்கும் ஆறு பேருக்கும் தெரியும்.

இன்னொரு பக்கத்திலிருந்து வருகிற கேள்வி இதைவிடக் கனமானது. அதை நம் தோழர்கள் கேட்கிறார்கள். இணைய வகுப்பே அநீதி, அதற்குள் குழுவைச் செப்பனிட்டு என்ன ஆகப்போகிறது? 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றுப்படி இந்தியக் கிராமப்புறங்களில் இணைய வசதி இருந்த வீடுகள் 100க்கு 15தான். கணினி இருந்தவை 5கூட இல்லை. 2020 ஜூனில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், வகுப்பைப் பார்க்க வழியில்லாமல் ஒரு தலித் மாணவி உயிரை விட்டார். பள்ளிக்குச் சிறுவன் அம்பேத்கர் தன் சாக்குத் துண்டைத் தானே சுமந்து போக வேண்டியிருந்தது போல, இன்று பிள்ளைகள் தங்கள் டேட்டாவைத் தாங்களே சுமந்து வருகிறார்கள். எல்லாம் உண்மை.

ஆனால் என் வகுப்பில் நான் பார்த்த வேறொன்றும் உண்மை. நேரடி வகுப்பில் ஓர் ஆண்டு முழுக்க வாய் திறந்திருக்க மாட்டார் என்று நான் நினைத்த மாணவி, சாட் பெட்டியில் எனக்கு மட்டும் தெரியும்படி வாக்கியம் வாக்கியமாக எழுதினார். எழுதித் திருத்தி, திருத்தி எழுதி, பிறகு அனுப்புவார். யாரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்க முடியாத ஓர் இடம் அவருக்குக் கிடைத்திருந்தது. தொற்றுக்காலம் முடிந்தபிறகும் இணைய வகுப்பு முடியவில்லை. திறன் பயிற்சி, வேலைவாய்ப்புப் பயிற்சி, விடுமுறைக்கால ஆங்கிலம் என்று தொடர்கிறது. நகரத்தில் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட முடியாதவர்கள்தான் அதை நம்பி வருகிறார்கள். நாம் ஒதுங்கி நின்றால் அந்த அறைகள் காலியாகப் போவதில்லை, இப்போது எப்படியோ அப்படியே நடக்கும்.

அதுவும் ஆங்கில வகுப்பு. 1854இல் வெளிவந்த தன் கவிதைத் தொகுப்பில் சாவித்திரிபாய் ஃபுலே ஆங்கிலம் கற்கச் சொல்லிப் பாடினார். 2010இல் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், பாங்கா என்ற கிராமத்தில், தலித் மக்கள் ஆங்கிலத்துக்கு ஒரு தேவியை உருவாக்கிக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். கோயில் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, நம்மில் பலருக்கும் இருக்காது. ஆனால் அந்தத் தாகம் எனக்குப் புரிகிறது. அந்தத் தாகத்தோடு ஒரு பிள்ளை அப்பாவின் போனை இரவல் வாங்கி, திரையில் தன் பெயருக்குப் பதில் 'ரெட்மி' என்று தெரிய, வகுப்புக்குள் வருகிறது. நாம் அதைப் பார்த்து வீட்டுக்கு வழி கேட்கிறோம்.

அதன்பிறகு நான் மாற்றியவற்றைச் சொல்கிறேன். பயிற்சியை எழுதும்போதே 'உன்' என்ற சொல்லை எடுத்தேன். வழி சொல்ல வேண்டுமா? எல்லோருக்கும் பொதுவான ஒரு வரைபடம் தருகிறேன். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து கன்னிமாரா நூலகத்துக்கு வழி சொல்லட்டும். தன் தெருவைப் பற்றிப் பேச விரும்புகிறவர் பேசட்டும், அது அவர் எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். கேமராவைப் போடு என்ற கட்டளையையும் நிறுத்தினேன். ஒரு மாணவி, பின்சுவரில் மாட்டியிருந்த அண்ணல் படம் தெரியாதபடி போனைத் திருப்பித் திருப்பி வைத்ததை ஒருநாள் பார்த்தேன். அந்தப் படத்தைப் பெருமையோடு காட்டும் நாள் வரட்டும். என் வருகைப் பதிவுக்காக அவள் அதை இன்று மறைக்க வேண்டாம்.

குழுவுக்கு நான்கு பேர், அதற்கு மேல் வேண்டாம். ஆறு பேர் என்றால் இரண்டு பேர் ஒளிந்துகொள்ளவோ ஒதுக்கப்படவோ இடம் இருக்கிறது. பிரிப்பதை நானே செய்கிறேன், மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். 'நன்றாகப் படிப்பவரையும் மெதுவாகப் படிப்பவரையும் சேர்த்துப் போடு' என்ற பழைய வழக்கத்தைக் கைவிட்டேன். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று நாமே எழுதிக்கொடுக்கும் ஏற்பாடு அது. யார் முதலில் பேசுவது, யார் தொகுத்துச் சொல்வது என்பதைச் சுற்று முறையில் நானே எழுதி அனுப்புகிறேன். முதலில் 'பிறந்த மாதப்படி' என்று வைத்துப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மே, ஜூன். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த பிறந்தநாள் இந்தத் தலைமுறையிலும் தீரவில்லை போல.

ஜிக்சாவை அது பிறந்த நோக்கத்தோடு பயன்படுத்துகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல பாடம். ஒருவரிடம் விண்ணப்பத்தை யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற துண்டு. இன்னொருவரிடம் 10 ரூபாய் கட்டணம் பற்றி. மூன்றாமவரிடம் 30 நாளில் பதில் தர வேண்டும் என்ற விதி. நான்காமவரிடம், பதில் வராவிட்டால் மேல்முறையீடு எப்படி என்பது. எல்லாம் எளிய ஆங்கிலத்தில். முந்தைய நாளே தனித்தனியாக அனுப்பிவிடுவேன். ஒரே துண்டு வைத்திருப்பவர்கள் முதலில் பத்து நிமிடம் கூடிப் படித்து, உச்சரித்து, அர்த்தம் பேசிக்கொள்கிறார்கள். பிறகுதான் தத்தம் குழுவுக்குப் போகிறார்கள். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் எல்லாம் வீண். தயங்குகிற மாணவர் தன் குழுவுக்குள் நுழையும்போது, வேறு யாரிடமும் இல்லாத ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதைச் சொல்லிப் பார்த்த நாக்கோடு நுழைய வேண்டும். துண்டைப் படம் எடுத்து அனுப்பக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். தேவைப்பட்ட இடத்தில் தமிழில் கேட்கலாம். கடைசியில் நால்வரும் சேர்ந்து, கல்வி உதவித்தொகை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதுவார்கள். கோயிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் வாய் திறக்காவிட்டால் இந்தப் பக்கம் இருப்பவனின் விண்ணப்பமும் முடியாது.

எல்லோரும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்பதையும் தளர்த்தினேன். வேலைக்குப் போன அப்பா மாலையில் திரும்பினால்தான் சிலருக்குப் போன். அந்தக் குழுக்களுக்கு முப்பது வினாடிக் குரல் பதிவுகள் போதும், இரவு பத்து மணிக்குள் வந்தால் சரி. இதை வாட்ஸ்அப்பில் செய்தால் மாணவிகளின் எண் எல்லோருக்கும் போய்விடுகிறது, அதன் விளைவுகளைப் பெண்கள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எண்ணை மறைக்க முடிகிற டெலிகிராமுக்கு மாறினோம்.

இதனால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சாதி நாற்பது நிமிட வகுப்பில் ஒழியாது. அந்த நாற்பது நிமிடத்தில் அதற்கு வேலைக்காரனாக நான் இருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. நேரமில்லை, 60 பேர் வகுப்பு, பாடத்திட்டம் முடிய வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதே ஆசிரியர்கள் வகுப்புக்கு வண்ண வண்ணமாகப் பவர்பாயிண்ட் செய்ய மூன்று மணி நேரம் செலவிடுவதையும் பார்த்திருக்கிறேன். 'உன்' என்ற ஒரு சொல்லை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த மாணவன் பருவத்தின் கடைசி இரண்டு வாரம் வந்தான். மேல்முறையீட்டுத் துண்டு அவனுக்குத்தான் போயிருந்தது. அவன் குழுவில் 'அப்பீல்' என்ற சொல்லை நான்கு பேரும் நான்கு விதமாக உச்சரித்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளே நுழைந்தேன். இந்த முறை பேச்சு நிற்கவில்லை. 'சார், இருங்க, முடிச்சிட்டுச் சொல்றோம்' என்றான்.

இந்த ஆண்டும் ஒரு கல்லூரியிலிருந்து இணைய வகுப்புக்கான பயிற்சி நூலை அனுப்பியிருக்கிறார்கள். புதிய பதிப்பு, அழகான அச்சு. மூன்றாம் அலகில் அதே பயிற்சி, அதே கோயில், அதே 'யுவர் ஹவுஸ்'. பேனாவை எடுத்து அடித்துவிட்டு மேலே திருத்தி எழுதியிருக்கிறேன். பதிப்பாசிரியருக்கும் எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.